பி.எஃப்.-இல் கம்பெனி பங்கு ஏன் 550 ரூபாய்?

கேள்வி: எனக்கு 27 வயது. 4 வருடமாக ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய். மாதாமாதம் 1,800 ரூபாய் பி.எஃப். பிடிக்கிறார்கள். போன வாரம்தான் முதல் தடவையாக பாஸ்புக்கைத் திறந்து பார்த்தேன். என் பங்கு 1,800, கம்பெனி பங்கு வெறும் 550 என்று இருக்கிறது. இரண்டு பேரும் சமமாகப் போட வேண்டும் என்றுதானே சொன்னார்கள்? மீதியைக் கம்பெனி அமுக்கிவிட்டதா? அடுத்த மாதம் வேறு கம்பெனிக்கு மாறுகிறேன். "இருக்கிறதை எடுத்துவிடு, அதுதான் நிம்மதி" என்கிறார் அண்ணன். எடுத்துவிடலாமா அம்மா?
- வாசகி, ஓசூர்

பதில்: யாரும் அமுக்கவில்லை. அதே வரியில் மூன்றாவதாக ஒரு கட்டம் இருக்கும், பாருங்கள். பென்ஷன் பங்கு, 1,250. அதையும் 550-ஐயும் கூட்டினால் 1,800 வந்துவிடும். 27 வருடம் சம்பளப் பட்டியல் போட்டவள் நான். பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு இதே சந்தேகத்தோடு என் மேஜைக்கு வந்தவர்கள் நிறைய பேர்.

கம்பெனி போடுவது உங்கள் சம்பளத்தில் 12 சதவீதம். அதிலிருந்து சம்பளத்தின் 8.33 சதவீதம் 1995-இல் வந்த ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. 2014 செப்டம்பரிலிருந்து இதற்கு 15,000 ரூபாய் சம்பளம்தான் உச்சவரம்பு. அதனால்தான் 1,250. மிச்சம்தான் உங்கள் பி.எஃப். கணக்கில் சேர்கிறது. ஆக மாதம் 2,350 ரூபாய் உங்கள் பெயரில் வட்டியோடு வளர்கிறது. 2024-25க்கு வட்டி 8.25 சதவீதம்.

பென்ஷன் கட்டத்துக்கு மட்டும் வட்டி ஏறாது. அது எல்லோருக்கும் பொதுவான நிதி. குறைந்தது 10 வருட சர்வீஸ் இருந்தால் 58 வயதிலிருந்து அதிலிருந்து மாதாமாதம் ஓய்வூதியம் வரும். கணக்கு எளிது: பென்ஷனுக்கான சம்பளத்தை சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 15,000 ரூபாய்க்கு ஒரு வருட சர்வீஸின் விலை மாதம் 214 ரூபாய், ஆயுள் முழுக்க.

இந்த 214-ஐ நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் வேலையில் 6 வருடம் இருந்துவிட்டு மாறியபோது, 19-ஆம் நம்பர் படிவத்தையும் 10சி படிவத்தையும் ஒன்றாக எழுதிக் கொடுத்தேன். முதலாவது பி.எஃப். பணத்துக்கு. இரண்டாவது பென்ஷன் பணத்துக்கு. வந்த தொகை ஜன்னல் கம்பிக்கும் மாடிப்படிக் கைப்பிடிக்கும் சரியாகப் போய்விட்டது. ஊருக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுத்தவள், அந்த 10சி-யில் கையெழுத்துப் போட்டால் 6 வருட சர்வீஸ் அழிந்துவிடும் என்று யோசிக்கவே இல்லை. ஓய்வு பெற்றபோது 21 வருடத்துக்குத்தான் கணக்குப் போட்டார்கள். இன்றைக்கும் மாதப் பென்ஷன் வரும்போது அந்த 6 வருடம் ஞாபகத்துக்கு வரும்.

அதனால் எடுக்காதீர்கள். 4 வருடத்தில் உங்கள் கணக்கில் ஏறக்குறைய 1,30,000 ரூபாய் சேர்ந்திருக்க வேண்டும். 8 சதவீத வட்டியே கிடைத்தாலும் 9 வருடத்துக்கு ஒரு தடவை பணம் இரட்டிப்பாகும். 36 வயதில் 2,60,000, 45-இல் 5,20,000, 54-இல் 10,40,000. இதற்குமேல் ஒரு பைசாகூடப் போடாமல் வரும் தொகை இது. இன்னொன்று, 5 வருட சர்வீஸ் முடியாமல் எடுத்தால் வருமான வரிக் கணக்கிலும் அது வந்து நிற்கும். கணக்கை மாற்றிக்கொண்டால் பழைய 4 வருடமும் அந்த 5-இல் சேரும். அண்ணனிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

சரி, மாற்றுவது எப்படி? புதுக் கம்பெனியில் சேரும்போது பழைய யுஏஎன் நம்பரையே, அதாவது எந்தக் கம்பெனிக்குப் போனாலும் மாறாத உங்கள் பி.எஃப். நம்பரையே கொடுங்கள். "புதுசா ஒண்ணு போட்டுக்கலாம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒருவருக்கு ஒரு நம்பர்தான். பழைய கம்பெனி உங்கள் கடைசி வேலை நாளைப் பதிந்துவிட்டதா என்று பாருங்கள். பதியாவிட்டால் 2 மாதம் கழித்து நீங்களே பி.எஃப். இணையதளத்தில் பதியலாம். ஆதாரில் அப்பா பெயர் முழுதாகவும் பி.எஃப். கணக்கில் வெறும் இனிஷியலாகவும் இருந்தால் அதை இப்போதே, பழைய கம்பெனியில் இருக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பெயர்களில் பாதி விண்ணப்பங்கள் இந்த ஒரு எழுத்தில்தான் சிக்கிக் கிடக்கும். நான் கண்ணால் பார்த்தது.

அப்புறம், மாதம் ஒரு தடவை பாஸ்புக்கைப் பாருங்கள். பிடித்த பணத்தைக் கம்பெனி அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து பாஸ்புக்கில் அந்த மாத வரவு விடுபட்டிருந்தால் உடனே எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டது நிற்காது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாமினி பதிந்தீர்களா? என்னோடு வேலை பார்த்த ஒருவர், வயது நாற்பதுகூட ஆகவில்லை, திடீரென்று இறந்துபோனார். பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7,00,000 ரூபாய் வரை காப்பீடு உண்டு, அதற்கென ஊழியர் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. ஆனால் அவர் நாமினி பதியவில்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கும் எங்கள் அலுவலகத்துக்கும் அவர் மனைவி மாதக்கணக்கில் நடந்தார். உங்களுக்குக் கல்யாணம் ஆகும்போது, அதற்கு முன் பதிந்த நாமினி செல்லாமல் போய்விடும். மறுபடியும் பதிய வேண்டும். இன்று ராத்திரி கைபேசியில் உட்கார்ந்தால் பத்து நிமிட வேலை. ஆதாரும், நாமினியின் போட்டோ ஒன்றும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.