வாசகர் கேள்வி: நொறுங்கிய நட்சத்திரம் எங்கே போய் நிற்கும்?

கேள்வி: பெரிய நட்சத்திரம் தன் எடையாலேயே நொறுங்கி, கடைசியில் அளவே இல்லாத புள்ளியாகிவிடும் என்கிறார்கள். பருமனே இல்லாத இடத்தில் அவ்வளவு எடை எப்படி இருக்கும்?

பதில்: இருக்காது என்றுதான் நானும் நினைக்கிறேன். 1939-ல் இயற்பியலாளர்கள் ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் அழுத்தமே இல்லாத ஒரு தூசி உருண்டையை ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாட்டில் போட்டு நொறுங்கவிட்டுப் பார்த்தார்கள். அது எங்கேயும் நிற்கவில்லை, அடர்த்தி முடிவிலிக்குப் போய்விட்டது. உருண்டை கச்சிதமாக இருந்ததால்தான் இந்த வினை என்று சிலர் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்க, கோணல்மாணலாக நொறுங்கினாலும் தப்ப முடியாது என்று 1965-ல் பென்ரோஸ் நிரூபித்துவிட்டார். (அந்த வகை நிரூபணங்களுக்கு அடித்தளம் நம் கொல்கத்தாக்காரர் ராய்சௌதுரி 1955-ல் வெளியிட்ட சமன்பாடு. இதை எத்தனை பேர் சொல்கிறார்கள்?)

ஆனால் விடை முடிவிலி என்று வந்தால், கணக்கு கையை விரித்துவிட்டது என்றுதான் அர்த்தம். பழைய இயற்பியலை நம்பினால் அணுவில் சுற்றும் எலக்ட்ரான்கூட கண்ணிமைப்பதற்குள் கருவில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லையே, நுண்ணிய பொருள்களை ஆளும் குவாண்டம் விதி தடுக்கிறது. நட்சத்திரத்தையும் அதுவே தடுக்கும் என்பதுதான் எதிர்பார்ப்பு.

ஈர்ப்பையும் குவாண்டம் விதியையும் இணைக்கப் பார்க்கும் கோட்பாடுகளில் ஒன்று, இயற்பியலாளர் அபய் அஷ்டேகர் 1986-ல் போட்ட பாதையில் வளர்ந்த 'லூப்' குவாண்டம் ஈர்ப்பு. இதில் வெளியையே, அதாவது இடத்தையே, ஓர் அளவுக்குக் கீழே நறுக்க முடியாது. அந்த அடிப்படையில் போடும் மாதிரிகளில், அடர்த்தி எகிறி உச்சத்தைத் தொடும்போது ஈர்ப்பே விலக்கித் தள்ளுவதுபோல நடந்துகொள்ள, பொருள் பந்துபோலத் திரும்பி எழும்புகிறது. அணுவைவிடச் சிறிதாக நசுங்கினாலும் புள்ளி ஆவதில்லை. ரொவெல்லியும் விடோட்டோவும் 2014-ல் இதற்குப் 'பிளாங்க் நட்சத்திரம்' என்று பெயர் வைத்தார்கள்.

அப்படி உள்ளே பொருள் திரும்பி எழும்புகிறது என்றால், நட்சத்திரம் நொறுங்கி உண்டாகும் கருந்துளைகள் ஏன் இன்னும் வெடிக்கவில்லை என்று கேட்பீர்கள். சூரியன் எடையுள்ள கருந்துளையின் எல்லையை (தாண்டினால் திரும்ப முடியாத கோடு) தாண்டி விழுகிறவரின் கைக்கடிகாரத்தில், மையம்வரை போக அதிகபட்சம் 15 மைக்ரோ நொடி. கடும் ஈர்ப்பில் காலம் மெதுவாக ஓடுவதால், வெளியே நிற்கும் நமக்கோ அதே எழும்பல் பிரபஞ்சத்தின் வயதான 1380 கோடி ஆண்டுகளைத் தாண்டியும் முடியாது. ஒரு கணக்குப்படி, பிரபஞ்சம் பிறந்தபோதே உண்டாகி இப்போது வெடிக்கவேண்டிய கருந்துளை ஏறக்குறைய நிலாவின் எடையும் ஒரு மணல் துகளின் பருமனும் இருக்கும். அப்படி ஒன்றையும் இதுவரை யாரும் பிடித்துக் காட்டவில்லை, ஆகவே மாதிரியை மாதிரியாகவே வைத்துக்கொள்வோம்.

கேள்வி: நம் சூரியனும் கருந்துளை ஆகுமா?

பதில்: ஆகாது, எடை போதாது. சுருங்கி வெள்ளைக் குள்ளனாக, அதாவது எரிந்து முடிந்த சிறிய, அடர்ந்த நட்சத்திரமாக, நின்றுவிடும். குள்ளனின் எடை சூரியனைப்போல 1.4 மடங்கைத் தாண்டினால்தான் மேலும் நொறுங்கும் சிக்கல். இப்படி ஓர் எல்லை உண்டு என்று இயற்பியலாளர் சந்திரசேகர் கணக்குப் போட்டது 1930-ல், இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில்.