'தேவையை மாற்றிவிட்டார்கள்' என்ற பதிலை அப்படியே நம்பலாமா?

கேள்வி: பாதுகாப்புத் தளவாடக் கொள்முதல் திட்டம் ஒன்றின் செலவுக் கண்காணிப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். செலவு ஏன் ஏறியது என்று யாரைக் கேட்டாலும், "நடுவில் தேவையை மாற்றிவிட்டார்கள்" என்கிறார்கள். உண்மைக் காரணத்தை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பதில்: ஒப்பந்தம் போட்டபோது இருந்த மதிப்பீட்டுக் கோப்பை முதலில் எடுங்கள். தொகையை விடுங்கள், அதற்கு அடியில் இருக்கும் அனுமானங்களைப் படியுங்கள். 'பழைய பாகம் அப்படியே பொருந்தும்' என்ற மாதிரி வரிகள்தான் பின்னால் கழுத்தைப் பிடிக்கும். ரஷ்யாவிடம் பழைய கப்பலாக வாங்கிப் புதுப்பித்த நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ரமாதித்யாவையே பாருங்கள். 2004-இல் 97.4 கோடி டாலர் என்று பேசியது, கடைசியில் சுமார் 235 கோடியில் போய் நின்றது. கப்பலைப் பிரித்துப் பார்த்தபோது, மாற்ற வேண்டிய கேபிள்கள் போட்ட கணக்கைவிட மிக அதிகமாக இருந்தன. இதைத் தேவை மாற்றம் என்று எழுதினால் தப்பு. முதல் மதிப்பீடே குறைச்சல்.

சரி, தேவை நிஜமாகவே மாறினால் என்ன ஆகும்? அமெரிக்கக் கடற்படையின் கான்ஸ்டலேஷன் போர்க்கப்பல் அதற்கு நல்ல பாடம். ஏற்கெனவே ஐரோப்பாவில் ஓடிக்கொண்டிருந்த டிசைனை 85 சதவீதம் அப்படியே வைத்துக்கொள்வது என்றுதான் 2020-இல் ஆரம்பித்தார்கள். தங்கள் கடற்படை விதிகளுக்கு ஏற்பத் திருத்தத் திருத்த, பழைய டிசைனோடு ஒத்துப்போனது 15 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. அதைவிடப் பெரிய தப்பு, டிசைன் முடியும் முன்பே 2022-இல் கட்ட ஆரம்பித்தது. வரைபடத்தில் ஒரு குழாயை நகர்த்த அரை நாள் போதும். தகடு வெட்டி வெல்டிங்கும் முடிந்துவிட்டால், அதே குழாய்க்காக கேபிள் தட்டைக் கழற்றி, தாங்கியை அறுத்து, புதுத் துளை போட்டு, திரும்பச் சோதிக்க வேண்டும். 2025 நவம்பரில், கட்டிக்கொண்டிருந்த இரண்டு கப்பல்களோடு போதும் என்று நிறுத்திவிட்டார்கள்.

அதனால் ஒவ்வொரு மாற்ற உத்தரவின் தேதியையும், அந்தப் பகுதியின் வேலை தொடங்கிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பாதிக் கதை அதிலேயே தெரிந்துவிடும்.

எண்ணிக்கைக் குறைப்பைத் தனியாக வையுங்கள். அமெரிக்கக் கடற்படையின் ஜூம்வால்ட் ரகப் போர்க்கப்பலில் 32 கப்பல்கள் திட்டமிட்டு 3 மட்டுமே கட்டினார்கள். ஆராய்ச்சிச் செலவு முழுவதும் அந்த மூன்றின் தலையில் விழுந்தது. விலைவாசி ஏற்றத்தையும் கழித்துவிடுங்கள், ஒரே ஆண்டு விலையில் ஒப்பிட்டால் போதும்.

அப்புறம், 'செலவில் மாற்றம் இல்லை' என்று குறிப்பெழுதி வரும் சின்னச் சின்ன மாற்றச் சீட்டுகள். என்னைக் கேட்டால் இவைதான் ஆபத்து. பணம் கேட்காது, ஆனால் ஒவ்வொன்றும் கொஞ்சம் எடையையும் மின்சாரத் தேவையையும் கூட்டிவிட்டுப் போகும். ஒரு வருடச் சீட்டுகளை அடுக்கி, எடையை மட்டும் கூட்டிப் பாருங்கள். பின்னால் கூடும் எடைக்காக டிசைனில் ஒதுக்கிய உபரி தீரும் மாதம் எது என்று தெரியும். அடுத்த பெரிய பில் அதற்குப் பிறகுதான் வரும்.