குழுவுக்குள் வந்த போலிக் கணக்குகளை எப்படி அடையாளம் காண்பது?

பட்டர்வொர்த் வாசகி ஒருவர் கேட்கிறார்: தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்களுக்காக அவர் நடத்தும் முகநூல் குழுவில் புதிதாகச் சேர்ந்த சிலர், ஒரு மாதம் கோலமும் சமையல் குறிப்பும் போட்டுவிட்டு இப்போது ஓயாமல் அரசியல் பதிவுகளாகப் போடுகிறார்கள். இவர்கள் ஏதாவது ஓர் அரசாங்கத்தின் ஆட்களா, என்ன செய்யலாம்?

சகோதரி, பின்னால் யார் என்று கைப்பேசியை வைத்துக்கொண்டு உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. உள்நுழைவுத் தடங்களைப் பார்க்கும் வசதி தளத்தை நடத்துபவர்களிடம்தான் இருக்கிறது. 2022இல் முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனம் 596 முகநூல் கணக்குகளையும் 180 பக்கங்களையும் நீக்கி, அவை மலேசியக் காவல்துறையோடு தொடர்புடையவை என்று அறிவித்ததே, அது அப்படித்தான். கோலம் போட்டு உள்ளே வருவதும் பழைய வழி. மியன்மாரில் அழகுக் குறிப்பு, பொழுதுபோக்கு என்று ஓடிய 13 பக்கங்களை, ராணுவத்தோடு தொடர்பு என்று சொல்லி 2018 அக்டோபரில் ஃபேஸ்புக் நீக்கியது. அதற்குள் சுமார் 13 லட்சத்து 50 ஆயிரம் பேர் அவற்றைப் பின்தொடர்ந்திருந்தார்கள்.

பதிவு உண்மையா பொய்யா என்று மல்லுக்கட்டாதீர்கள், இவர்கள் சேர்ந்து இயங்குகிறார்களா என்று பாருங்கள். நீங்கள் அனுப்பிய திரைப்பிடிப்பிலேயே (ஸ்கிரீன்ஷாட்) இருக்கிறது: இரவு 9.12க்கும் 9.15க்கும் நடுவில் நான்கு பேர், நால்வரும் ‘உரிமை’யை ‘உறிமை’ என்று எழுதியிருக்கிறார்கள். அதில் ஒரு பெண்ணின் முகப்படத்தைப் பெரிதாக்கினால் ஒரு காதில் ஜிமிக்கி, மறு காதில் சின்னத் தோடு. கணினி உருவாக்கும் முகங்களில் காதும் மூக்குக்கண்ணாடியும் இப்படிக் குழம்பும் (இப்போதைய படங்கள் இன்னும் துல்லியம், அதனால் தோடு பொருந்தினாலே ஆள் நிஜம் என்று நம்பிவிட வேண்டாம்). தனி ஆள் கணக்காக இல்லாமல் முகநூல் பக்கமாக இருந்தால் ‘பக்க வெளிப்படைத்தன்மை’ பகுதியில் பழைய பெயர்களும் நிர்வாகிகள் இருக்கும் நாடும் தெரியும்.

சரி, செய்ய வேண்டியது. நேரமும் கணக்கின் இணைப்பும் தெரியப் படம் எடுத்து வையுங்கள், ஃபேஸ்புக்கிடம் புகார் செய்யுங்கள், அப்புறம் நீக்குங்கள். முதலிலேயே நீக்கிவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது. எச்சரிக்கிறேன் என்று அந்தப் பதிவைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிவிடாதீர்கள், அவர்கள் வேலையை நாமே செய்ததாகிவிடும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், கட்சி பேசுகிறார் என்பதற்காக யாரையும் கூலி ஆள் என்று குழுவில் பெயர் சொல்லித் திட்டாதீர்கள். சுங்கைப் பட்டாணியில் இருக்கும் உங்கள் பழைய மாணவர் ஒருவர் மனதார அந்தப் பக்கம் நிற்கலாம். சந்தேகம் இருந்தால் தனிச்செய்தியில் கேளுங்கள்: எந்த ஆண்டு படித்தீர்கள், ஆறாம் ஆண்டில் வகுப்பாசிரியர் யார்? இனிச் சேர வருபவர்களுக்கும் அதையே சேர்க்கைக் கேள்வியாக வையுங்கள்.