ஜக் ஃபில்டர் போதுமா என்று கேட்பதற்கு முன் தொட்டி மூடியைத் திறந்து பாருங்கள்

கோவை வடவள்ளியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சொந்த வீடு, நாலு பேர். சிறுவாணித் தண்ணீர் எட்டு, பத்து நாளுக்கு ஒருமுறை வருகிறது, கீழ்த்தொட்டியில் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். ஜெர்மனியில் இருக்கும் மகள் போன தடவை வந்தபோது தண்ணீர் வடிகட்டும் பிரிட்டா ஜக் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். இதற்கிடையில் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்ஓ மெஷின் விற்கிறவர் ஒருவர் வீட்டுக்கு வந்து, இவர்கள் தண்ணீரில் ஒரு மின்பெட்டியின் கம்பியை விட்டுக் காட்ட, இரண்டே நிமிஷத்தில் டம்ளர் முழுக்கத் துருநிறம். அவருடைய மீட்டரில் டிடிஎஸ், அதாவது ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு, 1,100 காட்டியதாம். தம்பி மகன் வைத்திருக்கும் மீட்டரில் முன்பு பார்த்தபோது 55 தானாம். மாமியாருக்குச் சிறுநீரகக் கோளாறு, மருந்தில் இருக்கிறார். "ஜக் போதுமா, மெஷின் வாங்கிவிடவா?" என்பது கேள்வி.

முதலில் அந்த டம்ளர் விஷயத்தை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு வரும் கடிதங்களில் பாதியில் இந்தக் கம்பி வேலைதான் இருக்கிறது. அந்தப் பெட்டியில் இருப்பது இரும்புக் கம்பி. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், மின்சாரம் பாய்ந்தால் இரும்பு கரையும், கரைந்த இரும்புதான் பச்சையும் பழுப்புமாகக் குழம்பி மேலே நுரை கட்டுகிறது. அந்த அழுக்கு உங்கள் தண்ணீரில் இருந்தது இல்லை, அவர் கம்பியிலிருந்து வந்தது. ஒப்பிட்டுக் காட்டப் பக்கத்து டம்ளரில் வைக்கும் ஆர்ஓ தண்ணீரில் உப்பு ரொம்பக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் தெளிவாக நிற்கிறது. அடுத்த முறை யாராவது வந்தால் அந்தத் தெளிந்த டம்ளரில் சமையல் உப்பை ஒரு சிட்டிகை போட்டுவிட்டுக் கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் அதே நிறமாகும்.

உங்கள் வீட்டில் இன்னொன்றும் நடந்திருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். 55 டிடிஎஸ் உள்ள தண்ணீர் இரண்டு நிமிஷத்தில் துருக்குழம்பு ஆகாது, மெதுவாக லேசாக நிறம் மாறும், அவ்வளவுதான். 55ம் 1,100ம் ஒரே தண்ணீராக இருக்க முடியாது. கோவையில் பெரும்பாலான வீடுகளில் நல்ல தண்ணிக்கு ஒரு பைப்பு, போர் தண்ணிக்கு ஒரு பைப்பு என்று இரண்டு இருக்கும். அவர் எந்தப் பைப்பில் பிடித்தார்? பாத்திரம் கழுவும் பைப்பில் பிடித்திருந்தால் அது நீங்கள் குடிக்கவே குடிக்காத உப்புத் தண்ணி. அதைக் காட்டி உங்களுக்கு மெஷின் விற்கப் பார்த்திருக்கிறார். இது அறியாமல் நடப்பதில்லை. அப்படியே மெஷினை வாங்கியிருந்தால் வருஷாவருஷம் ஏஎம்சி என்ற பராமரிப்புக் கட்டணம், உப்பை வடிக்கும் மெம்பரேன் போய்விட்டது, மினரல் காட்ரிட்ஜ் மாற்ற வேண்டும், ஆல்கலைன் போட்டால் இன்னும் நல்லது என்று பணம் போய்க்கொண்டே இருக்கும். இலவச வாட்டர் டெஸ்ட் என்று வாசலுக்கு வருகிற யாரையும் சமையலறை வரை விடாதீர்கள்.

இந்திய தர நிர்ணயத்தில், ஐஎஸ் 10500 என்பார்கள், குடிநீரில் டிடிஎஸ் 500 வரை தாராளமாக ஏற்கலாம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. உங்களுடையது 55. இதில் ஆர்ஓ போட்டு எதை எடுக்கப் போகிறார்கள்? ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்பும் மெஷின் அது, அதுவும் பத்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் வீட்டில். டிடிஎஸ் 500க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்யுங்கள் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019லேயே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் வடவள்ளி வரை வந்து விற்கிறார்கள், யாரும் தடுக்கவில்லை. ஒரு குடும்பத் தலைவி தன் வீட்டுத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று விற்பனையாளரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற நிலையை யார் உண்டாக்கியது? ஒவ்வொரு பகுதிக்கும் விடும் தண்ணீரில் குளோரின் எவ்வளவு, கிருமி இருந்ததா இல்லையா என்று வாரம் ஒருமுறை வார்டு அலுவலகப் பலகையில் எழுதிப்போட்டால் இந்தக் கம்பிப் பெட்டிக்கு வேலையே இருக்காது. எத்தனையோ தடவை எத்தனையோ இடத்தில் சொல்லியாகிவிட்டது.

சரி, ஜக்குக்கு வருவோம்.

அந்த ஜக்கின் காட்ரிட்ஜுக்குள் இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று தேங்காய் ஓட்டுக் கரி மாதிரி பதப்படுத்திய கரித்தூள். அது குளோரின் வாடையையும் கெட்ட ருசியையும் இழுத்துக்கொள்ளும். இன்னொன்று சின்னச் சின்ன பிசின் மணிகள், ரெசின் என்பார்கள். அவை தண்ணீரின் சுண்ணாம்புக் கடினத்தைக் குறைக்கும், ஈயம், செம்பு போன்றவற்றையும் ஓரளவு பிடிக்கும். ஜெர்மனியில் பல ஊர்களில் தண்ணீர் கடினம், கெட்டிலில் வெள்ளையாகப் படியும், டீயின் மேல் ஏடு கட்டும், அதற்காகவே அங்கே எத்தனையோ வீடுகளில் இந்த ஜக். குழாயில் வருவது ஏற்கெனவே கிருமியில்லாத தண்ணீர் என்று வைத்துக்கொண்டுதான் இதைச் செய்கிறார்கள், கையேட்டிலும் அப்படியே எழுதியிருப்பார்கள். இது கிருமியைக் கொல்லாது, பிடிக்கவும் பிடிக்காது. புளோரைடு, நைட்ரேட், உப்பு எதற்கும் இதை நம்பக் கூடாது. போர் தண்ணியை இதில் ஊற்றிக் குடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். சிறுவாணி இயல்பிலேயே மென்மையான தண்ணீர், ஆக பிசின் மணிகளுக்கு வேலை அநேகமாக இல்லை. கோடையில் சிறுவாணி வற்றும்போது பில்லூர் அணைத் தண்ணீரைக் கலந்து விட்டால் ருசி மாறும், அப்போதும் பெரிய கடினம் இருக்காது. கரிக்கு வேலை குளோரினை எடுப்பது. எட்டு நாள் தொட்டியில் கிடந்த தண்ணீரில் குளோரின் ஏது? அது வந்த ஓரிரு நாளிலேயே போயிருக்கும். ஆக, இன்றைய நிலையில் அந்த ஜக் உங்கள் வீட்டில் செய்கிற வேலை ரொம்பக் கொஞ்சம், அதைத் தாண்டி ஒரு கெடுதலும் உண்டு. குளோரின் இல்லாத தண்ணீர் ஈரக்கரியில் தங்கும்போது அங்கே கிருமிகள் குடியேறிப் பெருகும், நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம். சமையல் மேடையில் இரண்டு நாள் அப்படியே நின்ற ஜக் தண்ணீரைக் குடிக்கவே கூடாது.

உங்கள் கவலையெல்லாம் தொட்டியில் இருக்க வேண்டும். பத்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடும் குழாய் மீதி நாளெல்லாம் காலியாகக் கிடக்கிறது, எங்கெல்லாம் இணைப்பு விட்டிருக்கிறதோ அங்கெல்லாம் மண் கலந்த தண்ணீரும் சாக்கடையும் உள்ளே கசியும். இதில் லைனிலேயே நேரடியாக மோட்டாரைப் போட்டு உறிஞ்சுகிற வீடு ஒன்று தெருவில் இருந்தால் போதும், வெளியே இருக்கிற அழுக்கையும் சேர்த்து இழுத்துவிடும். அதனால் தண்ணீர் திறந்ததும் முதல் ஐந்து பத்து நிமிஷம் செடிக்கு விடுங்கள், அப்புறம் தொட்டிக்குத் திருப்புங்கள். தொட்டி மூடி தரையோடு தரையாக இருக்கிறதா? அப்படியென்றால் வாசல் கழுவுகிற தண்ணீரும் மழைத் தண்ணீரும் விளிம்பு வழியாக இறங்கிக்கொண்டுதான் இருக்கும், கொத்தனாரைக் கூப்பிட்டு வாய்ப்பகுதியை அரையடியாவது உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். மெஷின் விலையில் சிறு பங்குதான் ஆகும். கழுவ ஆள் இறக்கும்போது மூடியைச் சில மணி நேரம் முன்பே திறந்து வையுங்கள், மேலே ஒருவர் நிற்காமல் யாரையும் தனியாக இறக்காதீர்கள்.

கழுவித் தண்ணீர் நிரம்பியதும் குளோரின் போடுங்கள். ஆயிரம் லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 4 கிராம், ஏறக்குறைய தலைதட்டிய ஒரு டீஸ்பூன். அதை அப்படியே கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் பக்கெட்டில் தண்ணீர் விட்டுக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் விடுங்கள். பவுடர் புதிதாக இருக்க வேண்டும், வாய் திறந்து மூலையில் கிடந்த பாக்கெட்டில் குளோரின் எல்லாம் ஆவியாகி வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சியிருக்கும். குளோரின் பார்க்கும் சொட்டு மருந்து கிட் லேப் சாமான் கடையில் கிடைக்கும், தண்ணீரில் விட்டால் மஞ்சளாகும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது நிற்க வேண்டும் என்பது தரம். நாலைந்து நாளில் மறுபடி பாருங்கள், நிறமே வரவில்லை என்றால் பாதியளவு இன்னொரு முறை போடுங்கள்.

இப்படிச் செய்த தண்ணீரில் லேசாகக் குளோரின் வாடை இருக்கும். இங்கேதான் மகள் கொடுத்த ஜக்குக்கு உண்மையான வேலை வருகிறது. தொட்டியில் குளோரின் கிருமியைப் பார்த்துக்கொள்ளும், சமையலறையில் ஜக் வாடையை எடுத்துவிடும். புது காட்ரிட்ஜ் என்றால் முதல் இரண்டு ஜக் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள், அதில் கருந்துகள் வந்தால் பயப்பட வேண்டாம், கரிதான். ஜக்கை ஃபிரிட்ஜில் வையுங்கள், வடித்ததை அன்றன்றே குடித்துவிடுங்கள், ஊருக்குப் போய்வந்தால் பழைய தண்ணீரைக் கொட்டுங்கள். மழைக்காலத்தில், தெருவில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால், ஜக்கில் வடித்த பிறகு ஒரு நிமிஷம் தளதளவென்று கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். சூடான தண்ணீரை ஜக்கில் ஊற்றக் கூடாது.

காட்ரிட்ஜ் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காட்ரிட்ஜ் 150 லிட்டர் வரை, அல்லது நாலு வாரம் என்று போட்டிருக்கும். நாலு பேர் குடிக்க மட்டும் தினம் பத்து லிட்டர் என்றால் பதினைந்து நாளில் முடிந்துபோகும், சமையலுக்கும் அதையே எடுத்தால் பத்து நாள்கூட வராது. பல ஜக்குகளின் மூடியில் இருக்கும் விளக்கோ கோடோ நாளை மட்டும்தான் எண்ணும், லிட்டரை எண்ணாது. சமையலுக்கு எப்படியும் தண்ணீர் கொதிக்கிறது, அதற்கு ஜக் வேண்டாம். ஆன்லைனில் அதே பேரைப் போட்டுப் பாதி விலைக்கு வரும் போலிகளை வாங்காதீர்கள். அட்டையில் என்எஸ்எஃப் 42, 53 என்ற தரச்சான்று எண்களைப் பாருங்கள். 42 மட்டும் இருந்தால் ருசிக்கும் வாடைக்கும்தான் உத்தரவாதம், ஈயம் போன்றவற்றுக்கு 53 இருக்க வேண்டும், அதிலும் எந்தப் பொருளுக்குச் சோதித்தார்கள் என்று கீழே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும்.

மாமியார் விஷயத்தை வேண்டுமென்றே தனியாக வைத்தேன், இதில் அலட்சியம் வேண்டாம். ஜக்கில் இருக்கும் பிசின் மணிகள் தண்ணீரிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சிலவற்றை விடும். வடிகட்டும்போது பொட்டாசியம் லேசாகக் கூடலாம் என்று அந்தக் கம்பெனியே தன் கையேட்டில் எழுதியிருக்கிறது. ஒரு லிட்டரில் கூடினாலும் ஓர் ஆப்பிளில் இருப்பதைவிடக் குறைவுதான் என்கிறார்கள், அது நியாயமான கணக்குதான், உங்களுக்கோ எனக்கோ அது ஒன்றுமே இல்லை. ஆனால் சிறுநீரகம் கெட்டவர்களுக்குப் பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கினால் இதயத் துடிப்பையே பாதிக்கும், அதனால்தான் இளநீர், வாழைப்பழம் எல்லாம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருப்பார். அப்படிக் கட்டுப்பாட்டில் இருப்பவர் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம் என்று அதே கையேட்டில் இருக்கிறது. அந்தக் காகிதத்தை யார் படிக்கிறார்கள்? வெளிநாட்டிலிருந்து வந்த பொருள், அட்டையைக் கிழித்ததும் காகிதமும் குப்பைக்குப் போய்விடுகிறது. உங்கள் மாமியாருக்கு ஜக் தேவையே இல்லை. தொட்டித் தண்ணீரை நேரடியாகக் கொதிக்க வைத்து, ஆறவைத்து, மூடிய எவர்சில்வர் பாத்திரத்தில் தனியாக வைத்துக் கொடுங்கள். கொதித்தால் கொஞ்சநஞ்ச குளோரின் வாடையும் போய்விடும். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை டாக்டர் சொன்ன அளவில் வைத்துக்கொள்ளுங்கள். இது டயாலிசிஸ் வரை போகாதவர்களுக்கும் பொருந்தும், பொட்டாசியம் அளவு ரிப்போர்ட்டில் சரியாக இருக்கிறதே என்று ஜக்கைத் தொடங்க வேண்டாம், டாக்டர் ஒரு வார்த்தை சொல்லட்டும்.

தண்ணீரை ஒருமுறை முறையாகச் சோதித்துவிடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் உண்டு, தனியாரும் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். தம்பி மகனின் மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது, ஆகவே கிருமிச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். அதற்கான சுத்திகரித்த பாட்டிலை அவர்களிடமே வாங்கிக்கொண்டு, பைப்பின் வாயைத் துடைத்து, இரண்டு நிமிஷம் தண்ணீரை ஓடவிட்டு, மூடியின் உள்பக்கம் கைபடாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு பாட்டில் சமையலறைப் பைப்பில், இன்னொன்று ஜக்கில் வடித்ததில். ரிப்போர்ட்டில் ஈ.கோலை என்ற வரியைப் பாருங்கள், மலம் கலந்ததைக் காட்டும் கிருமி அது, 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பைப்பில் இருந்தால் தொட்டியிலோ லைனிலோ கசிவு இருக்கிறது, குளோரின் போட்டு மறுபடி சோதிக்கும்வரை எல்லோரும் கொதித்த தண்ணீர்தான். பைப்பில் இல்லாமல் ஜக்கில் மட்டும் இருந்தால் காட்ரிட்ஜைத் தூக்கிப்போட்டு, ஜக்கை சோப்பு போட்டுக் கழுவிக் காயவைத்து, புதியது போடுங்கள்.