சதுரங்கத்தில் சிசிலியன் (வெள்ளையின் இ4-க்குக் கருப்பு சி5 என்று பதில் தரும் தொடக்கம்) ஆடுபவரை வெள்ளைக் காய்களால் வெல்வது எப்படி? தாக்கப் போனாலே தோற்கிறேன்

எப்படித் தோற்றிருப்பீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. எஃப்3, ஜி4, எச்4 என்ற கட்டங்களுக்குச் சிப்பாய்களைக் கருப்பு ராஜாவை நோக்கி ஓட்டியிருப்பீர்கள். எதிராளி அதற்கான பதிலை வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வந்திருப்பார். சிசிலியன் என்றால் ராஜாவைத்தான் துரத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர்கள் மீது எனக்குப் பழைய ஆத்திரம் உண்டு.

1995-இல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 107ஆவது மாடியில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எட்டு ஆட்டங்களும் டிரா. ஒன்பதாவதில் சாம்பியன் காஸ்பரோவின் சிசிலியனுக்கு எதிராக ஆனந்த் பிஷப்பை அடக்கமாக இ2-இல் வைத்து, ராஜாவுக்குக் கோட்டை கட்டி, சிப்பாயை ஏ4-க்குத் தள்ளினார். பிறகு பலகையில் ராணி தொடங்கும் பாதியிலேயே நெருக்கிக்கொண்டு போனார். 27ஆவது நகர்த்தலில் யானையை டி5-இல் பலி கொடுத்தார். 35-இல் காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டார். "ஆனால் ஆனந்த் போட்டியைத் தோற்றாரே" என்று யாராவது கிளம்புவார்கள். தெரியும் ஐயா, 10.5–7.5. நான் பேசுவது இந்த ஓர் ஆட்டத்தைப் பற்றி.

இதே ஆட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்த ஒரு ரேட்டிங் போட்டியில் எனக்கு வாய்த்தது. எதிரில் பள்ளி மாணவன். ரேட்டிங்கில் என்னைவிட வெகு மேலே. என் பிஷப் இ2-க்கு வந்ததும் அவன் கை வேகம் குறைந்தது. குதிரைகள் ஏ5-இல் வெட்டுப்பட்டன, அவன் ராணி அங்கே வந்து நின்றது. 17ஆவது நகர்த்தலில் பி4 தள்ளினேன். காஸ்பரோவ் அந்தச் சிப்பாயைத் தொடாமல் ராணியை சி7-க்கு இழுத்துக்கொண்டார். பையன் வெட்டினான். டி1-இல் இருந்த யானையை பி1-க்கு நகர்த்தினேன். ராணிக்குப் போக்கிடமே இல்லை. ஏ5-க்குத் திரும்பினால் பிஷப் பி6, அதோடு முடிந்தது. நெடுநேரம் பலகையையே பார்த்திருந்துவிட்டுக் கை கொடுத்தான்.

சிறுவனை மனப்பாடத்தால் வென்றதில் என்ன பெருமை என்பீர்கள். அவனும் கம்ப்யூட்டர் சொன்னதைத்தானே ஒப்பித்துக்கொண்டிருந்தான்!

பரிசளிப்பில் ஒன்பது வயதுக்குள், பதினொன்றுக்குள், பதின்மூன்றுக்குள் என்று மேஜை நிறையக் கோப்பைகள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு சான்றிதழ்கூட இல்லை; நுழைவுக் கட்டணம் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். கேட்டதற்கு, "சார், நீங்கள் பொழுதுபோக்குக்குத்தானே ஆடுகிறீர்கள்?" என்றார் அமைப்பாளர். பொழுதுபோக்குக்குக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டா என்றேன். மைக்கை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போய்விட்டார்.