வைஃபை, ரேடியஸ், டைரக்டரி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பயனர்கள் அனைவரும் எல்டாப் டைரக்டரியில் (LDAP, பயனர் கணக்குகளின் மையப் பட்டியல்) உள்ளனர். வைஃபையில் நுழைபவர்களைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரான ஃப்ரீரேடியஸிலிருந்து சோதித்தால் அனுமதி கிடைக்கிறது. மடிக்கணினியில் பீப் (PEAP, மறையாக்கிய குழாய்க்குள் நடக்கும் உள்நுழைவு முறை) வழியாக இணைந்தால் மறுக்கப்படுகிறது. கடவுச்சொல் ஒன்றுதானே?

பதில்: கடவுச்சொல் ஒன்றுதான், ஆனால் கேட்கும் முறை வேறு. உங்கள் சோதனை பாப் (PAP) முறையில் நடந்திருக்கும். அதில் கடவுச்சொல் அப்படியே சர்வரின் கைக்கு வருவதால், அதை வைத்து டைரக்டரியில் உள்நுழைந்து பார்த்துவிட முடிகிறது. பீப்பின் உள்ளே ஓடும் எம்எஸ்-சாப் (MS-CHAP) முறையிலோ கடவுச்சொல் வருவதே இல்லை, ஒரு புதிருக்கான விடை மட்டுமே வருகிறது. அந்த விடையைச் சரிபார்க்க சர்வரிடம் மூலக் கடவுச்சொல்லோ அதன் என்டி ஹாஷோ (விண்டோஸ் முறையில் கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட குறியீடு) இருந்தாக வேண்டும். உப்புச் சேர்த்த (தற்செயல் எழுத்துகளைக் கலந்து கணக்கிட்ட) ஹாஷாக மட்டுமே சேமித்திருந்தால் எந்த அமைப்பை மாற்றினாலும் பயனில்லை. என்டி ஹாஷையும் சேமியுங்கள், அல்லது பீப் போன்ற இன்னொரு குழாய் முறையான டிடிஎல்எஸ்ஸின் (TTLS) உள்ளே பாப் முறைக்கு மாறுங்கள். மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி அந்த ஹாஷை எல்டாப் வழியாக வெளியே தராது என்பதால், அங்கே சர்வரை டொமைனில் சேர்த்து வின்பைண்ட் என்ற இணைப்பு நிரல் வழியாகத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: ரேடியஸுக்குப் போர்ட் 1645-ஆ, 1812-ஆ?

பதில்: அனுமதிக்கு 1812, கணக்குப் பதிவுக்கு 1813, இரண்டும் யுடிபி. 1645-உம் 1646-உம் பழைய கருவிகளின் மிச்சம்.

கேள்வி: எல்லாம் சரியாக அமைத்தும் வைஃபை இணையவில்லை. என்ன செய்வது?

பதில்: எந்த சர்வர், எந்த ஈஏபி முறை (EAP; பீப், டிடிஎல்எஸ் போன்ற உள்நுழைவு வகை), பதிவேட்டில் என்ன வந்தது என்பதில் ஒன்றைக்கூட எழுதாமல் விடையை எதிர்பார்க்கிறீர்கள். சர்வரை டீபக் (பிழைகாண்) முறையில் இயக்கி, வரும் வரிகளை மேலிருந்து படியுங்கள். எல்லோரும் கடைசி வரியைத்தான் அனுப்புகிறார்கள்; கோளாறு பெரும்பாலும் முதல் எச்சரிக்கையில் இருக்கிறது. ஒரு வரிகூட வரவில்லை என்றால் கோரிக்கையே சர்வரை எட்டவில்லை, ஃபயர்வாலைப் பாருங்கள்.

கேள்வி: வைஃபையில் இணையும்போது வரும் சர்வர் சான்றிதழ் எச்சரிக்கை பயனர்களைக் குழப்புகிறது. 'சரிபார்க்க வேண்டாம்' என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாமா?

பதில்: கூடாது. இதே கேள்வி மாதந்தோறும் வருகிறது. நான் வேலைக்காகச் சென்ற ஓர் அலுவலகத்தில் இந்த அறிவுரையை அச்சிட்டு வரவேற்பறைச் சுவரிலேயே ஒட்டியிருந்தார்கள். உங்கள் வைஃபையின் பெயரையே சூட்டிய ஓர் ஆக்சஸ் பாயின்டை எவர் வேண்டுமானாலும் கட்டடத்தின் வெளியே வைக்கலாம். சரிபார்க்காத கைபேசி அதனிடமும் தன் அடையாளத்தை ஒப்படைக்கும். டிடிஎல்எஸ்ஸும் பாப்பும் என்றால் கடவுச்சொல் அப்படியே போய்விடும்; எம்எஸ்-சாப் என்றாலும், கடவுச்சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் முழுத் தேடல் 56 பிட் கொண்ட ஒரே ஒரு டிஇஎஸ் (DES, பழைய மறையாக்க முறை) சாவியைக் கண்டுபிடிக்கும் வேலையாகச் சுருங்கிவிடும் என்று 2012-லேயே காட்டிவிட்டார்கள். போவது வைஃபை கடவுச்சொல் மட்டுமன்று: மத்திய டைரக்டரி வைத்திருப்பதால் மின்னஞ்சலுக்கும் கோப்புகளுக்கும் அதுவேதான் சாவி. உங்களுக்கென்று ஒரு சான்றிதழ் ஆணையத்தை அமைத்து, அதன் மூலச் சான்றிதழையும் சர்வரின் பெயரையும் சேர்த்து ஒரு ப்ரொஃபைலாகக் (அமைப்புக் கோப்பாக) கருவிகளுக்கு அனுப்புங்கள். பொது ஆணையம் தரும் சான்றிதழ்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் சர்வர் பெயரைச் சரிபார்ப்பது கட்டாயம், ஏனென்றால் அதே ஆணையத்திடம் வேறொருவரும் தம் பெயருக்குச் சான்றிதழ் வாங்க முடியும். அவற்றின் ஆயுளும் 2026 மார்ச்சில் 200 நாளாகவும் 2029-இல் 47 நாளாகவும் சுருங்குவதாக முடிவாகிவிட்டது. அவ்வளவு அடிக்கடி மாற்றத் தயாரா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடவுச்சொல்லை மாற்றிய மறுநாள் பலரின் கணக்கு பூட்டப்படுகிறது. யாரோ தாக்குகிறார்களா?

பதில்: அவர்களுடைய கைபேசிகளே தாக்குகின்றன. பழைய கடவுச்சொல்லை நினைவில் வைத்துக்கொண்டு, பையில் கிடந்தபடியே மீண்டும் மீண்டும் முயல்கின்றன. டைரக்டரி பூட்டும் எண்ணிக்கைக்கு முன்பே ரேடியஸ் சர்வர் மறுக்குமாறு அமையுங்கள். நிலையான தீர்வு ஈஏபி-டிஎல்எஸ்: கருவிக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டால் கடவுச்சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை. அப்போதும் சர்வரைச் சரிபார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: பயனரின் டைரக்டரி குழுவைப் பார்த்து விலேன் (VLAN, பிணையத்தின் தனிப் பிரிவு) ஒதுக்க முயன்றேன், 'டொமைன் யூசர்ஸ்' குழுவில் யாருமே இல்லை என்கிறது.

பதில்: அது ஆக்டிவ் டைரக்டரி பயனர்களுக்குத் தானாக அமையும் முதன்மைக் குழு, உறுப்பினர் பட்டியல் பண்பில் தோன்றாது. தனிக் குழு ஒன்றை உருவாக்கி அதைச் சோதியுங்கள். ரேடியஸ் அனுமதிப் பதிலில் டனல் வகைக்கு 13, ஊடகத்துக்கு 6, பிறகு விலேன் எண் என மூன்றையும் அனுப்புங்கள். எண்ணை மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: ரேடியஸ் பதிலை இடையிலிருப்பவர் போலியாக்க வழிவிடும், 2024-இல் வெளியான பிளாஸ்ட்ரேடியஸ் குறை எங்கள் வைஃபையைப் பாதிக்குமா?

பதில்: ஈஏபி கோரிக்கைகள், செய்தி மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் மெசேஜ்-ஆதென்டிகேட்டர் பண்புடன்தான் வருகின்றன, ஆகவே வைஃபைக்குப் பாதிப்பில்லை. அதே சர்வரில் சுவிட்சுகளின் நிர்வாக உள்நுழைவைப் பாப் முறையில் சரிபார்க்கிறீர்கள் என்றால், அந்தப் பண்பு அங்கேயும் கட்டாயம் என்று இன்றே அமைத்துவிடுங்கள்.