கிணறு உப்பாகிவிட்டது, போர் போடலாமா?

கேள்வி: பெரியபட்டினம் பக்கம் கடலோரத்தில் எங்கள் வீடு. அப்பா காலத்தில் இறக்கிய உறைக்கிணறு, 14 அடி. குடிக்க, சமைக்க எல்லாம் அந்தத் தண்ணிதான். மூணு வருஷமா கோடையில் உப்புக் கரிக்கிறது. பக்கத்தில் எல்லாரும் போர் போட்டு மோட்டார் வைத்துவிட்டார்கள். நாங்களும் 80 அடிக்கு இறக்கினால் நல்ல தண்ணி வருமா? அம்மாவுக்கு பிரஷர் இருக்கிறது, மனைவிக்கு இது அஞ்சாம் மாசம். காய்ச்சிக் குடித்தால் போதுமா?

பதில்: போர் போடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். இதைப் படிப்பதற்குள் போர் வண்டிக்காரருக்கு முன்பணம் கொடுத்துவிடப் போகிறீர்களே என்றுதான் எனக்குக் கவலை.

தண்ணீர் போதவில்லையா, இன்னும் ஆழம் போ என்பது மேற்கே மலையோர ஊர்களின் கணக்கு. கடலோர மணலில் அது தலைகீழ். மழையில் ஊறிய நல்ல தண்ணீர் உங்கள் காலடியில் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருப்பதால், நல்ல தண்ணீரைவிட அது நூற்றுக்கு இரண்டரை பங்கு கனம். அந்தச் சிறிய வித்தியாசத்தில்தான் நம் கரையோரக் கிணறுகள் பிழைத்துக் கிடக்கின்றன.

வத்தை, அதாவது சின்ன மீன்பிடிப் படகு, மிதப்பதை நீங்கள் தினமும் பார்க்கிறவர். பாரம் ஏற்றினால் அமுங்கும், மீனை இறக்கினால் எழும்பும். நல்ல தண்ணீரும் அப்படித்தான். கிணற்று நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு ஓர் அடி மேலே நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். மோட்டார் இழுத்து மட்டம் அரை அடி இறங்கினால், அடியிலிருக்கும் உப்பு 20 அடி மேலே வரப் பார்க்கும். ஒரே நாளில் வராது, மாதக்கணக்கில் ஏறி வரும். ஆனால் குழாயின் வாய்க்கு நேர் கீழே மட்டும் அது குவிந்து சீக்கிரமே எழும்பிவிடும். டச்சுக்காரர் கைபன் 1880களின் கடைசியிலும், ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க் 1901-லும் தனித்தனியாகக் கண்டுபிடித்த கணக்கு இது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் போர் போடும் வண்டிக்காரர் யாரும் இதை நம்மிடம் சொல்வதில்லை. 80 அடிக்கு இறக்கினால் நீங்கள் நேராக உப்புக்குள்தான் குழாயை நீட்டுவீர்கள்.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஒன்று செய்து பாருங்கள். கண்ணாடி பாட்டிலின் அடியில் கல்லையும் கழுத்தில் கயிறையும் கட்டி, வாயில் தக்கையை லேசாகச் செருகி, தக்கைக்குத் தனி நூல் கட்டிக் கிணற்றின் அடிவரை விடுங்கள். அடியில் போனதும் நூலைச் சுண்டினால் தக்கை கழன்று அங்குள்ள தண்ணீர் ஏறும். மேலாக ஒரு டம்ளர் மொண்டு, இரண்டையும் நாக்கில் வைத்துப் பாருங்கள். தேவிபட்டினம் பக்கம் ஒரு வீட்டில் இப்படிச் செய்தபோது, மேல் தண்ணீரைக் குடித்த அந்த வீட்டுப் பாட்டி அடித் தண்ணீரைத் துப்பிவிட்டு, "இது கெணறா, உப்பங்கழியா?" என்று கேட்டார்.

சனத்தொகை பெருகியதுதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். பாதிதான் உண்மை. நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் 2001-இல் 11.87 லட்சம் பேர், 2011-இல் 13.53 லட்சம். பத்து வருஷத்தில் 14 சதவீதம். ஆனால் வாளியும் கயிறுமாக இருந்த வீட்டில் மோட்டார் வந்ததும் இறைப்பது 14 சதவீதமா கூடியது? கை வலித்தால் வாளி நிற்கும். மோட்டாருக்குக் கை வலிக்காது. ஆள் கூடியதன் பாதிப்பு வேறு இடத்தில் தெரியும். வீடுகள் நெருங்க நெருங்க, கிணற்றுக்குப் பக்கத்திலேயே கக்கூஸ் குழி வந்துவிட்டது. மணல் எதையும் மறைத்து வைக்காது. அதனால் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது உப்போடு, கக்கூஸ் குழியிலிருந்து ஊறி வரும் நைட்ரேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தத் தண்ணீரைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

இனி அம்மா விஷயம். உப்பில் பிரஷரை ஏற்றுவது சோடியம். பெரியவர்கள் ஒரு நாளைக்கு 2 கிராம் சோடியத்துக்குள், அதாவது 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் சோடியம் இருந்து, வெயிலில் 4 லிட்டர் குடித்தால், கருவாட்டைத் தொடும் முன்பே கணக்கு முடிந்துவிடும். லிட்டருக்கு 200 மில்லிகிராம் அளவிலேயே நாக்குக்குத் தெரிய ஆரம்பிக்கும் என்பார்கள். ஆனால் வருஷக்கணக்கில் குடித்த நாக்கு பழகிப்போயிருக்கும். விருந்தாளி முகம் சுளித்தால் அதை நம்புங்கள்.

வங்காளதேசத்துக் கடலோரத்தில் டாகோப் என்ற பகுதியில் கர்ப்பிணிகளைப் பரிசோதித்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. குடிதண்ணீர் உப்பேறும் வறட்சி மாதங்களில், மழை மாதங்களைவிடக் கர்ப்பகால ரத்தக்கொதிப்பு அதிகம் இருந்தது. இதைப் படித்துவிட்டு எல்லா உப்புத் தண்ணியும் விஷம் என்று முடிவு கட்ட வேண்டாம். அதே நாட்டில் பின்னர் நடந்த வேறோர் ஆய்வில், லேசான உப்புத் தண்ணீர் குடித்தவர்களுக்கு பிரஷர் சற்றுக் குறைவாகவே இருந்தது. அந்தத் தண்ணீரிலிருந்த கால்சியமும் மக்னீசியமும் காரணமாக இருக்கலாம் என்றார்கள். ஆக, வெறும் டி.டி.எஸ். எண்ணை (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் எல்லாப் பொருளும் சேர்ந்து எத்தனை மில்லிகிராம் என்பதை) வைத்துப் பயப்படவும் முடியாது, நிம்மதி அடையவும் முடியாது. நம் நாட்டுத் தரம் 500 வரை நல்லது என்றும், வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2000 வரை பொறுக்கலாம் என்றும் சொல்கிறது. உங்களுக்குத் தெரிய வேண்டியது அதில் சோடியம் எவ்வளவு என்பது. குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக்கூடத்தில் கேளுங்கள். அதுவரை அம்மாவுக்கும் மனைவிக்கும் காவிரிக் குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ கொடுங்கள். மாத்திரையை நிறுத்த வேண்டாம். மனைவிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒவ்வொரு முறையும் பிரஷரும் சிறுநீரும் பார்க்கட்டும். தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் என்று எது வந்தாலும் அன்றே கூட்டிப் போங்கள்.

காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. வாலிநோக்கம் உப்பளத்தில் நடப்பதுதான் அடுப்பிலும் நடக்கும். தண்ணீர் ஆவியாகும், உப்பு பாத்திரத்திலேயே தங்கும். ஆர்.ஓ. மிஷின் உப்பை எடுக்கும்தான். ஆனால் அது கழிக்கும் தண்ணீரில் உப்பு இன்னும் கூடுதல். அதைக் கிணற்றடித் தென்னைக்கு விட்டீர்களானால், எடுத்த உப்பு திரும்பக் கிணற்றுக்கே வந்து சேரும்.

சரி, என்னதான் செய்வது? மோட்டார் வைத்தே ஆக வேண்டுமென்றால் சின்னதாக வையுங்கள். உறிஞ்சும் வாயை மிதவையில் கட்டி மேல்மட்டத்திலேயே நிறுத்தி, காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சமாக எடுங்கள். ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்ட நம் பெண்கள் செய்தது இதைத்தான். அடுத்தது கூரை. நம் மாவட்டத்தில் வருஷத்துக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். 500 சதுர அடி மாடியில் சேதாரம் போக 30,000 லிட்டர் பிடிக்கலாம். ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 25 லிட்டர் என்றால், கோடை நான்கு மாதத்துக்கு 3,000 லிட்டர் போதும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்ததை மூடிய தொட்டியில் பிடியுங்கள். தொட்டி வாயில் வலை கட்டுங்கள், இல்லாவிட்டால் உப்புக்குப் பதிலாக டெங்கு வரும். மிஞ்சும் தண்ணீரைக் கிணற்றோரக் குழியில் இறக்கினால், உங்கள் நல்ல தண்ணீர் வத்தைக்குப் பாரம் ஏறும், உப்பு கீழே அமுங்கும்.

சித்திரையில் ஒன்று, மார்கழியில் ஒன்று என மேல்மட்டத்திலும் அடியிலும் பாட்டிலில் தண்ணீர் எடுத்து, சோடியம் எண்ணோடு எழுதி அனுப்புங்கள். பக்கத்து வீட்டு போர் தண்ணீரிலும் ஒரு பாட்டில் எடுக்க முடிந்தால் ரொம்ப நல்லது.